நேற்றைய கோடு

சுங்கச்சாவடியில் ஏழாம் கூண்டு என்னுடையது.
பன்னிரண்டு வருடம்
ஒரே கையை ஒரே சன்னலுக்கு வெளியே நீட்டியதில்
ஒரு மார்கழியில் வலது தோள் பூட்டிக்கொண்டது.
சாவி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
கொண்டை போட வராது,
முதுகுப் பக்கம் சொறிய வராது,
பஸ்ஸின் மேல்கம்பி எனக்கு மட்டும்
ஓசூர் தூரம்.

பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண்
திலோத்தமா,
மாத்திரை எதுவும் எழுதவில்லை.
"வீட்டுல சுவர் இருக்கா?" என்றாள்.
"வாடகைச் சுவர்தான்."
"அது போதும்."

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால்.
இடுப்பருகே கிளம்பி
சுவரில் நடந்து ஏற வேண்டும்.
வலி மறிக்கும் இடத்தில் பத்து எண்ணி நின்று
ஒரு கோடு.
காலையில் பத்து தடவை, மாலையில் பத்து.

முதல் கோடு
சுவிட்சுப் பலகைக்கு ஒரு சாண் கீழே.
மகளின் கண்மைப் பென்சிலால் இழுத்தேன்.
தேதி போடக் கூச்சமாக இருந்தது.

பழையபேட்டையில் எங்கள் சன்னலைத் திறந்தால்
மலைதான், முழுக்க.
விடியலில் டி-ஷர்ட்காரர்கள் கோட்டைப் படியேறுவார்கள்,
மூச்சு வாங்க,
போனில் காலடிகளை எண்ணிக்கொண்டு.
நைட் டியூட்டி முடித்து வந்த நான்
சுவரோடு சுவராக நின்று
விரலால் ஏறுவேன்.
பின்னாலிருந்து பார்த்தால்
சுவரிடம் எதையோ கெஞ்சுவது போலிருக்கிறதாம்,
மகள் சொன்னாள்.
கெஞ்சலும்தான். திட்டும்தான்.

ஒன்பதாம் நாள் சுவிட்சுப் பலகை.
இருபதாம் நாளும் அதே சுவிட்சுப் பலகை.
பிறகு மாம்பழ சீசன் வந்துவிட்டது.
பெங்களூரா ஏற்றிய லாரிகள் விடிய விடிய,
கூண்டுக்குள் பழவாசனை, கண்ணில் மண்.
பதினோரு நாள் சுவர்ப் பக்கமே போகவில்லை.

திரும்பி வந்தபோது விரல்கள்
நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டன.
ஏன் வரவில்லை என்று சுவர் கேட்கவில்லை.
நல்ல காரணம் ஒன்று யோசித்து வைத்திருந்தேன்,
வீணாய்ப் போயிற்று.

அன்றுதான் உறைத்தது:
நேற்றைய கோட்டிலிருந்து தொடங்க
யாரும் விடப்போவதில்லை.
நூறாம் நாளும் இடுப்பருகேதான் புறப்பாடு.
ஏறிய உயரமெல்லாம் சுவரில் தங்கிவிடும்.
என்னோடு வருவது
மறுபடி ஏறத் தெரிந்த இரண்டு விரல்.

வாடகைக்கு வந்த வீட்டுக்காரர் முனிரத்தினம்
கோடுகளைப் பார்த்தார்.
"குழந்தைங்க கிறுக்கினா சரி. நீங்களா?
சுண்ணாம்பு யாரும்மா அடிக்கிறது?"
"இன்னும் மேல போகணும் சார்,
மொத்தமா முடிச்சுட்டு அடிச்சுத் தரேன்."
நான் பணம் எடுக்க உள்ளே போன நேரத்தில்
அவர் தன் இடது கையைச்
சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் காலண்டர் ஆணி.
தையில், பல்லி உட்காரும் விரிசல்.

அப்புறம் அந்த ராத்திரி.
நெட்வொர்க் போய், ஸ்கேனர் செத்து,
எல்லாக் கூண்டிலும் ரொக்கம்.
கிரானைட் பாளம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று,
ஆகாயத்தில் கேபின்.
பெரிய வண்டிக்காரர்கள் எப்போதும் குனிந்து கொடுப்பார்கள்.
இவன் குனியவில்லை,
போனில் யாருடனோ கன்னடத்தில் சண்டை.
நோட்டை வெளியே நீட்டிவிட்டு மறந்தே போனான்.

என் கை போயிற்று.
சுவிட்சுப் பலகை, ஆணி, விரிசல்,
எதையும் பிடித்துக்கொள்ளாமல், வெறும் காற்றில்.
நோட்டை வாங்கியது.
மறுபடி போய் மீதியை அவன் உள்ளங்கையில் வைத்தது.
அவனுக்கு ஒன்றும் தெரியாது.
கியர் மாற்றிப் போய்விட்டான்.
பின்னால் நின்ற பால் வண்டி ஹாரன் அடிக்கும்வரை
கையை இறக்கவில்லை நான்.

காலையில் வீடு வந்து சன்னலைத் திறந்தேன்.
மலையில் முதல் ஆட்கள் பாதிப் படியில்.
பென்சிலைத் தேடினேன்,
மகள் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள்.
சரி, கோடு வேண்டாம்.
இடுப்பருகே
இரண்டு விரலை ஊன்றினேன்.