வெறும் வயிற்றில்

தைராய்டு மாத்திரையைக் காலையில்,
வெறும் வயிற்றில் போடணும் என்றார் டாக்டர்.
எந்தக் காலை என்று நான் கேட்கவில்லை.

தடாவில் நைட் ஷிப்ட் முடிந்து
ஆரம்பாக்கத்தில் நான் இறங்கும்போது
எதிர்ச்சாரியில்
சூளூர்ப்பேட்டை பஸ்ஸுக்கு நிற்கிறான் முனிரத்தினம்.
நடுவில் லாரிகள்.
நெற்றியைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்:
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.
அப்புறம் என்னவோ கத்தினான்.
ஒரு டேங்கர் அதைச் சென்னைப் பக்கம்
இழுத்துக்கொண்டு போனது.
ராத்திரி நான் ஏறுவதற்குள்
அவன் இறங்கினால் கேட்க வேண்டும்.

நாலு மணி டீயைத் தள்ளிவிட்டு
வயிற்றைக் காத்து வந்திருந்தேன் இன்றைக்கு.
அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குவதற்குள்
ரமணம்மா வீட்டிலிருந்து ஓடிவந்த ஹேமந்த்
டீயில் நனைத்த பிஸ்கட்டில் பாதியை
என் வாயில் திணித்தான்.

இனிப்பு.
மாத்திரை நாளைக்கு.