பதினோராம் நம்பர் மலை

தேயிலையைப் பிடுங்கிவிட்டு
பட்டர்புருட் வைத்தார்கள், நானூறு கன்று.
ஓரமாய், சோதனைக்கென்று, அறுபது மெக்கடேமியா.
மூன்றாம் மாதமே இலை வெளுத்தது
நரம்பு மட்டும் பச்சையாய்,
யாரோ பென்சிலால் கோடிழுத்த மாதிரி.

தண்ணீர் போதாது என்றார்கள். ஊற்றினோம்.
உரம் என்றார்கள். போட்டோம்.

கடைசியில் ரெஜினாதான்
ஒன்றைத் தோண்டித் தூக்கிக் காட்டினாள்:
வேர் கறுத்து, நுனி மழுங்கி,
தீயில் காட்டிய நூல்.

பேராதனையிலிருந்து ரிப்போர்ட் வந்தது.
செம்பு. அளவுக்கு மேலே செம்பு.
துரை இரண்டு தரம் வாசித்தார்.

கொப்புள நோய்க்கு
மழைக்கால விடியல்களில்
நீல மருந்தைக் கரைத்து, பம்பை முதுகில் கட்டி
இந்த மலைக்கு அடித்தவன் நான்.
இருபத்திரண்டு வருசம்.
இலையைக் கழுவிவிட்டுப் போனது மழை.
மண் ஒரு சொட்டையும் விடவில்லை;
செக்ரோலில் விழாத என் அரைநாட்களையும்
அது எழுதி வைத்திருக்கிறது.

கன்றுக்கு என்ன தெரியும்?
தாகமென்று வாய் வைத்தது.

நாளைக்குச் சுண்ணாம்பு வருகிறதாம், இரண்டு லொறி.
ஒன்பதாம் வரிசையில் இன்னும் சாகாத ஒன்றுக்கு
மண் அணைத்துக்கொண்டிருந்தேன்.
"இது காய்ச்சா திங்கலாமா?" என்றாள் ரெஜினா.
நகக்கண்ணைப் பார்த்தேன்.
துரை போனில்
லொறி வாடகை பேசிக்கொண்டிருந்தார்.