படத்தில் விழாதது

குத்தாயிசி நகரத்துப் பழைய மருத்துவமனை.
அடித்தளத்தில் என் அறை.
ஈயக் கவசத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு
இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்:
அசையாதே.
ஆடுகிறவர்களிடம் சொல்வதுதான் கடினம்.

திங்கட்கிழமை நடனக் குழு வரும்.
ஞாயிறு இரவு நிகழ்ச்சி, மறுநாள் நொண்டல்.
எங்கள் ஆண்கள் கால்விரலை மடக்கி
விரல்கணுவின் மேல் நின்று ஆடுவார்கள்,
முனையில் கட்டையோ பஞ்சோ இல்லாத
மெல்லிய தோல் காலணிக்குள்.
காற்றில் சுழன்று
இரண்டு முழங்காலும் தரையில் அறைய இறங்கி
இறங்கிய வேகத்திலேயே எழுவார்கள்.
கைதட்டலும் எழும்.
எழாத சில்லு என்னிடம் வரும்.

பெண்களோ நீள அங்கிக்குள்
சக்கரம் பூட்டியதுபோல் நகர்வார்கள்.
தோள் அசையாது. பின்னல் அசையாது.
அந்த அசையாமைக்காக
முன்னங்கால் எலும்பு படும் பாடு
கறுப்பு வெள்ளையில்
எனக்கு மட்டும் தெரியும்.

டிசம்பரில் மமூக்கா வந்தான்.
இரண்டாம் விரலின் பின்னே ஓடும் நீள எலும்பில் வலி.
படம் எடுத்தேன். சுத்தம்.
"பார்த்தாயா, ஒன்றுமில்லை!" என்று
காலணியை மாட்டினான்.
ஒற்றை விரலால் அந்த இடத்தை அழுத்தினேன்.
பேச்சு பாதியில் நின்றது.
படம் பொய் சொல்லவில்லை, மமூக்கா,
இன்னும் வாய் திறக்கவில்லை.

கேட்கவில்லை. ஆடினான்.
மூன்றாம் வாரம் எடுத்த படத்தில்
எலும்பைச் சுற்றி மெல்லிய மேகம்:
உடல் தானே பூசிய காரை.
இந்த வகை விரிசல் உண்டாகும்போது
என் கருவிக்குத் தெரியாது.
ஆறத் தொடங்கிய பிறகே தெரியும்.
ஆற விட்டால்.

பழைய உறைகளைக் கிளறினேன்.
ஒரே குளிர்காலம், ஐந்து பேர்,
ஐந்தும் அதே எலும்பு.
விளக்குப் பெட்டியில் வரிசையாக மாட்டிவிட்டு
வெகுநேரம் நின்றேன்.
பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு
அவர்கள் பயிலும் கூடத்துக்குப் போனேன்.

புதுப் பலகைத் தரை, முகம் தெரியும் மெருகு.
குதிகாலால் ஓங்கித் தட்டினேன்.
பலகை பேசவில்லை.
அதன் அடியில் கிடந்த கான்கிரீட் பேசியது,
என் முழங்கால்வரை.

"எலும்பு படம் எடுப்பவளுக்குத்
தரையில் என்ன வேலை?" என்றார் இயக்குநர்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறேனாம்.
ஆமாம், போடுகிறேன்.
தரை தாங்காததைக் குதிநாண் தாங்குகிறது,
குதிநாண் தாங்காததைச் சில்லு,
இடுப்பு சோம்பினால்
முழங்கால் உள்ளே மடிகிறது.
"பணம் இல்லை" என்றார்.
அது மட்டும் உண்மை.

நெஸ்டானியின் மாமா மினிபஸ் ஓட்டுகிறார்.
தேய்ந்த டயர்கள் ஒரு கொட்டகை நிறைய.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
மமூக்கா தரையில் உட்கார்ந்து
ரப்பரைத் துண்டு துண்டாக அறுத்தான்.
திட்டிக்கொண்டேதான் அறுத்தான்.
பலகையைப் பெயர்த்து, சட்டம் அடித்து,
சட்டத்தின் கீழே டயர் வைத்து
மறுபடி பலகை போட்டோம்.
ஒரு வாரம் கூடத்தில்
பேருந்து நிலைய நாற்றம்.
முதல் நாள் குதித்தவர்கள்
தரை தங்களைத் திருப்பித் தந்ததென்று
சந்தேகத்தோடு நின்றார்கள்.

இந்தக் குளிர்காலத் திங்கட்கிழமைகளில்
என் வாசல் பெஞ்சு காலி.
"கருவி பழுதா?" என்று
மேல்மாடியிலிருந்து டாக்டர் கேட்டனுப்பினார்.
நெஸ்டானியின் காலில் எங்கோ
உடையாத எலும்பு ஒன்று இருக்கும்.
எது என்று அவளுக்கும் தெரியாது.
அதற்கு உறை இல்லை, எண் இல்லை,
மாட்டிப் பார்க்க விளக்குப் பெட்டியும் இல்லை.
தரைதான் காரணமா? சத்தியம் செய்ய மாட்டேன்.
இப்போது நேரத்துக்குத் தூங்கவும் செய்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன்பு மமூக்கா
படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி
குதிகாலை மெல்லத் தூக்கி, அதைவிட மெல்ல இறக்குகிறான்.
ஒரு காலுக்கு இருபத்தைந்து.
தேநீருக்கு நீர் கொதிக்கும்வரை
அடித்தளப் படியில் நானும் செய்கிறேன்,
ஈயக் கவசத்தைக் கழற்றாமல்.

பதினேழில் கால் நடுங்குகிறது.