மகள் என்று முடியும் பெயர்

ஐஸ்லாந்தில் எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது.
அப்பாவின் பெயர், அதன் வாலில் ஒரு 'மகள்'.
நான் சோல்ரூன் கிரிம்ஸ்டோட்டிர்,
கிரிமூரின் மகள்.
கடவுச்சீட்டில், சம்பளச் சீட்டில்,
பல் மருத்துவர் அனுப்பும் நினைவூட்டலில்
ஐம்பத்தோரு வருடமாக
அவருடைய மகள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு
நூலகத்தின் கீழ்த்தளத்தில்
அந்த வால் தேவையில்லை.
முதல் நாளே குன்வோர் கதவைக் காட்டினாள்.
"பார், தாழ்ப்பாள் உள்பக்கம்தான்.
போட வேண்டுமென்றால் போடு.
திறந்தே இருக்கட்டும் என்றால்
முட்டுக் கொடுக்கிறேன்."
கொடுத்தாள். ஒரு பழைய பனிக்காலணி, இடது கால்.
ஆறு வாரம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.
காபி சுமார்தான்.
தோர்லாக்கூருக்கு அறுபத்து மூன்று வயது,
மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்ப்பவர்.
சர்க்கரைக் கட்டியைக் காபியில் போடாமல்
மேசையில் உருட்டிக்கொண்டே
ஒரு வியாழன் சொன்னார்:
"என் அக்கா. எனக்கு அப்போது ஒன்பது."
அவ்வளவுதான்.
ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது.
"நம்புகிறேன்" என்றேன்.
அந்த அறையில் அதுதான் என் முதல் சொல்.
என்னிடம் யாரும் சொல்லாத சொல்,
எப்படியோ என் வாயில் இருந்திருக்கிறது.

அம்மாவும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.
நம்பியதால்தான்
வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.
வடகிழக்குக் காற்று, கடல் கொந்தளிப்பு.
மீன் தொழிற்சாலையில் இன்றும் யாராவது
வானிலை அறிக்கை வைத்தால்
கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போகிறேன்.

பிப்ரவரியில் பதிவு அலுவலகம் போனேன்.
மாற்றிக்கொள்ளலாமாம்,
அம்மாவின் பெயரைப் போட்டுக்கொள்ளலாமாம்.
அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.
அவர் கை. அவள் காது.
இரண்டில் எதற்கு நான் மகள்?
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன்
"அவசரமில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்
நிதானமாக எழுதுங்கள்" என்றான்.
வீட்டுக்கு.
சிரித்துவிட்டேன். பையன் பயந்துபோனான்.

குன்வோரை அழைத்தேன்.
யோசனை எதுவும் சொல்லவில்லை அவள்.
"எங்கே நிற்கிறாய்?"
சிக்னலில்.
எங்கள் அக்குரேரியில் சிவப்பு விளக்கு
இதய வடிவில் எரியும்,
சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பார்கள்.
அது பச்சையாகி மறுபடி சிவப்பானது,
நான்கு முறை.
அவள் தொலைபேசியை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் நாய் குரைத்தது,
யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

படிவம் இன்னும் பையில்தான்,
மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

நேற்று புதிதாக ஒருத்தி வந்தாள்.
இருபத்து நான்கு இருக்கலாம்.
கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றாள்.
நான் பெயர் கேட்கவில்லை.
குனிந்து, காலணியை நகர்த்தி
கதவை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன்.
"குளிர் உள்ளே வருமே" என்றாள்.
"வரட்டும்" என்றார் தோர்லாக்கூர்,
தன் கோட்டை எடுத்து
மறுபடி மாட்டிக்கொண்டே.