ஸ்டேஜ் எட்டுக்கும் ஒன்பதுக்கும்

வாரவிடுப்பு. விடிகாலை நாலரை.
கடலூர் பஸ் ஸ்டாண்டில்
என் வண்டி தூங்கும் மூலையைச் சுற்றிக்கொண்டு
பண்ருட்டிக்கு நடக்கத் தொடங்கினேன்.
பத்தொன்பது வருஷமாக
நாளொன்றுக்கு எட்டு நடை
என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட சாலை.
அந்த நடைகளில்
என் கால் ஒருமுறையும் தரையில் பட்டதில்லை.

வலது தோளில் தோல்பை இல்லை.
இருந்தும் உடம்பு
பழக்கத்துக்கு இடப்பக்கம் சாய்ந்தே போனது.
பாதிரிக்குப்பம் வரை
தெருவுக்குத் தெரு நாய்கள் என்னைக்
கைமாற்றிவிட்டன.

ஊர்களைக் கத்த எனக்குத் தெரியும்.
முதலெழுத்தை விழுங்கி, கடைசியை இழுத்து.
ஒரு கத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
சீட்டு கிழிக்கத்தான் நேரமிருந்தது.
இப்போது பார்க்கிறேன், அங்கே ஒரு மதகு.
மதகின்மேல் ஒற்றைச் செருப்பு.
டிரான்ஸ்பார்மர் வேலியில் ஏறிப்
பூத்துவிட்ட பீர்க்கங்கொடி.
தண்டவாளம் இவ்வளவு பக்கத்திலா
கூடவே வந்துகொண்டிருந்தது?

வரக்கால்பட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்
நுரையோடு கேட்டார்:
"எந்தக் கோயிலுக்கு?"
"கோயிலுக்கு இல்ல."
"சர்க்கரையா?"
"அதுவும் இல்ல."
அவருக்குக் கேள்வி தீர்ந்தது.
எனக்கும்தான்.

நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை.
காற்றே பிசுபிசுத்தது.
உபயதுல்லா டீயை நீட்டிவிட்டு
முகத்தை உற்றுப் பார்த்தார்.
"நீ அந்தச் சில்லறைக் கண்டக்டர்தானே?"
டீ பன்னிரண்டு ரூபாய். இருபது கொடுத்தேன்.
"சில்லறையா குடு" என்றார்,
சிரிக்காமல்.

பத்தே காலுக்கு என் வண்டி வந்தது.
தெய்வீகன் ஸ்டியரிங்கில் படுத்து ஹாரன் அடித்தான்.
எனக்குப் பதிலாய் வந்த பையன்
படியில் தொங்கிக் கூப்பிட்டான், "ஏறுண்ணா!"
நான் விரலை மடித்து
இரட்டை விசில் கொடுத்தேன்.
வண்டி போய்விட்டது.
விசிலுக்குப் பழகிய வண்டி.

மேல்பட்டாம்பாக்கம் தாண்டி
எட்டாவது ஸ்டேஜ், செங்கல் சூளை.
ஒன்பதாவது, இரட்டைப் பாலம்.
நடுவே கட்டண வித்தியாசம் ரெண்டு ரூபாய்.
ஒரு பங்குனி நண்பகலில்
மீன்கூடையோடு ஒருத்தி.
ரெண்டு ரூபாய் குறைந்தது.
"நாளைக்குத் தரேன்யா" என்றாள்.
"அப்ப நாளைக்கு ஏறு" என்று சூளையில் இறக்கினேன்.
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.
பேர் கேட்கவில்லை.
சீட்டில் பேருக்கு இடமில்லை.

இன்று ஏறினால் அவளுக்குக் கட்டணமே இல்லை.
நானே கூப்பிட்டு
இலவசச் சீட்டு கிழித்துத் தந்திருப்பேன்,
தந்துமிருக்கலாம்,
முகம் ஞாபகமில்லை.

சூளையிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தேன்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில்
ஆட்டு மந்தை குறுக்கிட்டு எண்ணிக்கை சிதறியது.
மேய்ப்பவன் குச்சியை ஊன்றி
என்னையும் ஒதுங்கச் சொன்னான்.
அப்படியே மேலே போகலாமா என்று நின்றேன்.
தார் உருகிச் செருப்பைப் பிடித்தது.
திரும்பி, சூளைக்கே போய்
ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது.
நிழலென்று பார்த்தால் ஒரு வேலிக்கருவை,
ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை.
பலகையின் நிழலும் வயலுக்குள்தான் விழுகிறது.
இடது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.
என் தலையில் கூடை இல்லை.
ஐஸ் உருகிக் கழுத்தில் வடியவில்லை.

பண்ருட்டியில் பலா மண்டி வாசலில்
இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.
முதல் வரத்துக் காய்கள்,
இன்னும் முள் மழுங்காதவை.
ஒருவன் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக்
காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி வண்டியில் ஜன்னலோரம்.
ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவே மட்டுமாவது
விழித்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.
கண் திறந்தபோது
பிசுபிசுத்த காற்று.
நெல்லிக்குப்பம் என்று கத்திக்கொண்டிருந்தான்
யாரோ ஒரு கண்டக்டர்,
முதலெழுத்தை விழுங்கி.