ஐந்நூறு கிராம்

மீசாலையில் அந்த மாரிக்கு
எங்கள் விஞ்ஞானகூடம்தான் இருட்டறை.
வேறெந்த அறையிலும் தண்ணீர்த் தொட்டி இல்லை.
வகுப்புகளில் சனம்; மேடையில் பிரசவ வாட்டு;
சைக்கிள் கொட்டகையில் வெளிநோயாளர்.
யன்னலுக்கு ஆவர்த்தன அட்டவணையைத்
திருப்பி ஒட்டினேன்.
போதவில்லை.
தவளையின் குருதிச் சுற்றோட்டத்தையும் ஒட்டினேன்.

பற்றறிக்குத் தடை.
ஆகவே விறாந்தையில் ஸ்ராண்டில் ஏற்றிய சைக்கிள்;
டைனமோவிலிருந்து வயர் உள்ளே வரும்,
அதன் நுனியில் பின்லைற்றின் சிவப்புக் கண்ணாடி.
மிதிப்பவன் உயர்தரம் படிக்கிற அகிலரூபன்.
வேகம் கூடினால் சிவப்பு வெளிறும்,
பிலிம் பழுதாகும்.
"மெல்ல மிதியடா, கோயிலுக்குப் போற மாதிரி."
"எந்தக் கோயிலுக்கு, சேர்?"
"தூரத்துக் கோயிலுக்கு."

இப்படிச் சொல்கிறவர் செபரட்ணம்.
எக்ஸ்றே மெசினை மாட்டுவண்டியில் ஏற்றி,
தன் சாறத்தால் போர்த்தி,
பக்கத்தில் நனைந்தபடி நடந்து வந்தவர்.
இருமி இருமி ஓடும் ஜெனரேற்றரை
ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம்தான் எழுப்பலாம்.
பிலிமை நான்காய் வெட்டுவோம், இருட்டில்,
கத்தரிக்கோல் எங்கே, விரல் எங்கே என்று
வாயால் சொல்லிக்கொண்டு.

கிணற்றுத் தண்ணீர் சரிவராது, சுண்ணாம்பு.
காய்ந்ததும் எலும்பின் மேல் இன்னொரு எலும்பு படியும்.
பீலியில் விழுவதை வாளியில் பிடித்தோம்.
சனம் பாலம் கடந்து வந்ததும்
அந்த மழைக்குள்தான்.

பிக்சர் முடிந்த அன்று
செபரட்ணம் போத்தலைக் கவிழ்த்து வைத்து
ஒரு சொட்டுக்காகக் காத்திருந்தார்.
நான் அலுமாரியைத் திறந்தேன்.
சோடியம் தயோசல்பேற்று, ஐந்நூறு கிராம்,
மூடி உடைக்காதது.
செய்முறைப் பரீட்சைக்கு, அயடீன் நியமிப்புக்கு
நான் பூட்டி வைத்தது.
கதவிடுக்கால் அகிலரூபனைக் கேட்டேன்.
"எடுங்கோ மிஸ்," என்றான், மிதித்தபடி,
"நிறம் மாறுறது எனக்குப் பாடம்."
பாதியைக் கரைத்தோம்.

முதற்படம் தில்லைமலருடையது.
அரிசி மூட்டை தூக்கியதில் இடுப்புப் பிடித்துவிட்டது
என்று வந்தவள்.
தட்டைச் சாய்த்துச் சாய்த்து எண்ணினேன்,
நூற்றைம்பது வரை, புழுக்கத்துக்காக முப்பது குறைத்து.
அறுபதில் ஓரங்களிலிருந்து கருமை வந்தது.
தொண்ணூறில் இடுப்பெலும்பு.
நூற்றுப்பத்தில், எலும்பைவிட வெள்ளையாய்
ஓர் அரிசி.
இல்லை, அரிசிக்கு மூலைகள் கிடையாது.
அலசி, தயோசல்பேற்றில் இட்டேன்.
பால்மூட்டம் கரைந்தது.
அது அப்படியே கிடந்தது.

அளவித் தாங்கியில் கொழுவி, சொட்டச் சொட்ட
வெளியே கொண்டுபோய் வானத்துக்குப் பிடித்தார்.
தில்லைமலர் தன் இடுப்பை முதன்முறை பார்த்தாள்.
"எனக்கு ஒருநாளும் காயம் படேல்லையே."
பிறகு யோசித்தாள்.
"வெங்காயப் பாத்திக்குள்ள படுத்தனான், அண்டைக்கோ?
வேலிக்கம்பி கீறினதெண்டு
மஞ்சள் அப்பின நாள் ஒண்டிருக்கு.
இல்லாட்டி, மூத்தவள் வயித்திலை இருக்கேக்கை
ஹெலி வந்து சுத்தினது..."
விரல் மடக்கினாள். ஒரு கை போதவில்லை.

"எந்த வருசம், தம்பி?"
பின்பக்கம் எழுதியிருக்கும் என்பதுபோல
செபரட்ணம் படத்தைத் திருப்பினார்.
"படத்திலை வருசம் தெரியாதம்மா."
"அப்ப, ஆற்றை?"

விறாந்தையில் மிதி நின்றிருந்தது.
சில்லு மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றிற்று.
தண்ணீர் சொட்டித் தில்லைமலரின் முழங்கை நனைந்தது.
அவள் துடைக்கவில்லை.
கிடக்கட்டும், எடுத்தால்தான் ஆபத்து என்றார் டொக்டர்.
"இவ்வளவு நாளும் கிடந்ததுதானே," என்று
அவள் மூட்டையைத் தேடிப் போனாள்.

அன்றிரவு விளக்கடியில் இருப்புப் புத்தகம்.
பொருள், அளவு, திகதி.
எதற்காக என்ற நிரலில்
அயடீன் நியமிப்பு என்று எழுதி, வெட்டி,
தில்லைமலர், இடுப்பு என்று எழுதினேன்.
மீதி: இருநூற்று முப்பது.

கணக்கில் வராத இருபது கிராமைச்
சின்னப் போத்தலில் இட்டு
பெயர் ஒட்டாமல்
தராசுக்குப் பின்னால் வைத்தேன்.
அவனுக்குப் பரீட்சை வரும்.