ரூம் டோன்

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
ஒரு நாள் வாடகை முப்பதாயிரம்.
ஆவணப்படம் என்றதும் ஐந்தாயிரம் குறைத்தார் காரியக்காரர்.
எதைப் பற்றி என்று கேட்டார்.
"பழைய சினிமாவைப் பத்தி."
பொய்யில்லை.
காலைக் காட்சி மட்டும் ஓடிய சினிமா.
சைக்கிளை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
ஆண்கள் பார்த்த சினிமா.

நான் ஒலிப்பதிவு.
மைக்கை அவர் புடவைத் தலைப்பில் பொருத்தும்போது
என் விரல்தான் நடுங்கியது.
"புதுசா?" என்றார் மங்களேஸ்வரி.
புதுவயலில் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார்.
ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை.
கைப்பையில் காகிதம் சுற்றிய மேரி பிஸ்கட்.
படத்தில் அவர் பெயர் பிங்கி.
அப்போது இருபத்தாறு. சரிபாதி.

இயக்குநர் தாளில் எழுதி வந்திருந்தார்:
வறுமை, வற்புறுத்தல், வருத்தம்.
மங்களேஸ்வரி குளிரைப் பற்றிப் பேசினார்.
"தை மாசம். ஆத்தங்குடிக் கல்லு
ஐஸ் மாதிரி இருக்கும்.
எந்திரிச்சா முதுகெல்லாம் பூப்பூவா பதிஞ்சிருக்கும்.
மேக்கப்காரப் பையன் பார்த்துட்டு
கோலம் போட்ட மாதிரி இருக்குக்கான்னான்.
நல்ல பையன். டீ வாங்கியாந்து தருவான்."

பிறகு, கேட்காமலே, கணக்கு:
"மூணு நாளு. எனக்கு ஆயிரத்து ஐநூறு.
வீட்டுக்கு நாளுக்கு நாலாயிரம்.
கட்டிலுக்குத் தனியா எழுநூறு.
கட்டில் கால்ல கீறல்னு
என் காசுல நூறு பிடிச்சாங்க."
கணக்கு எழுதுகிறவர்.
இருபத்தாறு வருடமாக அந்த நூறை
எந்தப் பத்தியில் வைப்பதென்று தெரியவில்லை.

"இன்னொண்ணு. அந்தச் சத்தம்
என்னோடது இல்ல.
நான் வாயை மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன்.
கோடம்பாக்கத்துல யாரோ ஒரு அக்கா
ஸ்டூல்ல உக்காந்து
கையில தண்ணி டம்ளரை வச்சுக்கிட்டு
எனக்காக மூச்சு வாங்கியிருக்கு.
பார்த்ததே இல்ல. முடிஞ்சா
அதையும் தேடுங்க தம்பி."

"முகத்தை மங்கலாக்கிடுவோம்,
பயப்படாதீங்க" என்றார் இயக்குநர்.
"அன்னைக்குக் குரலை எடுத்துக்கிட்டாங்க.
நீங்க மூஞ்சியையா?"
இயக்குநர் என்னைப் பார்த்தார்.
நான் ஒலிமானியின் முள்ளைப் பார்த்தேன்.
"இருக்கட்டும். மவனுக்குத் தெரியும்.
அவன்தான் பஸ் ஏத்திவிட்டான்."

வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னோம்.
முகப்பைத் தாண்டி, வளவில்,
தேக்குத் தூண்களுக்கு நடுவே
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.
கேமரா பின்னால் காத்திருந்தது.
"இங்க எனக்குத் தெரிஞ்சது
மேல இருக்கிற கூரை மட்டுந்தான்."

அந்த அறையை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.
ஒவ்வொரு வாசலிலும் நின்று அண்ணாந்து பார்த்தார்.
நான்காவது அறையில்
கட்டம் கட்டமாய்ப் பச்சைத் தகரம்,
கட்டத்துக்கு ஒரு கொடி.
"இதான்."

எல்லாம் முடிந்தபின்
யாரும் பேசாமல் ஒரு நிமிடம்
அறையை மட்டும் பதிவு செய்வோம்.
ரூம் டோன்.
படத்தை வெட்டி ஒட்டும் இடங்களில்
அந்த வெறுமையைப் போட்டு அடைப்போம்.
விளக்கிச் சொன்னேன்.
"சும்மா இருக்கிறதுதானே? எனக்கு வரும்."

ஓடவிட்டேன்.
புறா. தொலைவில் டிராக்டர்.
யார் வயிறோ முனகியது.
இருபதாவது நொடியில்
தலைப்பில் மாட்டிய மைக்கில்
பல்லிடுக்கில் நழுவுகிற மாதிரி
இருபத்தெட்டு
இருபத்தொம்பது
முப்பது

நின்றது.

"ஒண்ணை மாத்திட்டாங்க" என்றார்
சத்தமாக, காரியக்காரரைப் பார்த்து.
"அந்த மூலையில. புதுத் தகரம்.
கொடி இந்தப் பக்கம் வளையணும்."

டேக் வீண்.
மறுபடி எடுக்க நேரமில்லை,
நாலு நாற்பதுக்குக் காரைக்குடி பஸ்.